வரும் ஆண்டின் நடைக்கு இன்றே நாள் குறிப்போம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆனி மாதக் கடைசியில், நற்பிட்டிமுனையில் சேமிப்புப் பற்றிய இரண்டு நாட் பயிற்சி ஒன்றை நாம் ஒழுங்கு செய்திருந்தோம். மண்டபம் தயாராக இருந்தது. தேநீருக்குச் சீனியும் பால்மாவும் வாங்கியாயிற்று. வளவாளரும் வந்து சேர்ந்தார். நாற்பது கதிரைகள் போட்டோம். வந்தவர்கள் ஆறு பேர். அன்றிரவு அறிக்கை எழுதும்போது, “மக்களிடம் ஆர்வம் போதாது” என்று ஒரு வரியைச் சேர்த்தோம்.

அடுத்த கிழமை ஒரு மூத்த விவசாயியைத் தெருவில் கண்டு, நடந்ததைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டோம். அவர் சிரித்தார். “சுவாமி, அந்தக் கிழமை பாதிச் சனம் உகந்தைக் காட்டுக்குள்ள நடந்துகொண்டிருந்தது. மிச்சச் சனம் போனவங்கட வயலுக்கும் சேர்த்துத் தண்ணி பார்த்துக்கொண்டிருந்தது. உங்கட கலண்டர்ல அது இல்லையா?”

இல்லை. எமது கலண்டரில் அறிக்கை அனுப்ப வேண்டிய தேதிகள் இருந்தன. கணக்கு முடிக்க வேண்டிய தேதிகள் இருந்தன. மக்கள் நடக்கும் நாட்கள் இருக்கவில்லை. போதாதிருந்த ஆர்வம் எம்முடையதே. அந்த வரியை அடித்துவிட்டோம்.

அந்தத் தவறிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. வரும் ஆண்டில் எங்கே நடக்கப் போகிறோம், எந்த நாட்களில் ஓய்ந்திருக்கப் போகிறோம் என்பதை வீட்டார் எல்லோருமாக இப்போதே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது. “நாளைக்கு வேலை கிடைக்குமோ தெரியாது, இதில் அடுத்த வருடத் திட்டமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

இரண்டு விதமான நடை

இந்தக் கரையில் வாழும் நாம் நடக்கத் தெரியாதவர்கள் அல்லர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு திசைகளில், பிள்ளையை இடுப்பிலும் பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது ஓடினார்கள். அந்த ஒரே நாளில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டமே.

ஒரு கூட்டத்தில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் இப்படிச் சொன்னார்: “சுவாமி, நான் நடந்த நடையெல்லாம் ஓடின நடை. எங்க போறம் எண்டு தெரியாது, எப்ப திரும்புவம் எண்டும் தெரியாது. சாகிறதுக்கு முதல் ஒருக்கா, நாள் குறிச்சு, எல்லாருக்கும் சொல்லிப்போட்டு நடக்கோணும்.”

அவருக்கு நாம் திருக்குடும்பத்தின் கதையைச் சொன்னோம். மத்தேயு எழுதிய நற்செய்தியில் யோசேப்பும் மரியாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பி ஓடுகிறார்கள். அது இடம்பெயர்ந்தோரின் நடை. லூக்கா எழுதிய நற்செய்தியில் அதே குடும்பம் ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளுக்கு உறவினரோடும் ஊரவரோடும் எருசலேமுக்கு நடந்து போகிறது. அது நாள் குறித்து நடந்த நடை. அந்தத் தச்சனின் வீட்டிலும் ஒவ்வோர் ஆண்டும் வேலையை முன்கூட்டியே முடித்திருப்பார்கள். வழிச் சாப்பாட்டுக்கு மாவை எடுத்து வைத்திருப்பார்கள். துரத்தப்பட்டு ஓடிய குடும்பம், பின்னர் தான் விரும்பிய இடத்துக்குத் தான் குறித்த நாளில் நடந்தது. மீண்டெழுதல் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எமக்குத் தெரியவில்லை.

நாள் குறிப்பது வசதி படைத்தவனின் வேலை என்று எண்ண வேண்டாம். நாளை நமக்கும் உண்டு என்று நம்புகிறவனின் வேலை அது.

காட்டுப் பாதையும் நாட்கணக்கும்

எமது கரையில் மிக நீண்ட நடை கதிர்காமப் பாதயாத்திரை. அதை ஒரு கத்தோலிக்கக் குரு ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஏனைய மதங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நாம் பணி செய்யும் மக்களின் கால்கள் எங்கே போகின்றனவோ அதை அறிவதும் எமது பணியே.

யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்குவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகக் கல்முனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முழுப் பயணமும் ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். போரினால் 1980களில் அறுந்துபோன இந்த நெடுநடை 1988 ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர்களுள் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் ஒருவர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றுக் காரணமாக யாத்திரை வழமைபோல் நடைபெறவில்லை. அறுந்த பாதை மறுபடியும் நடக்கப்படும் என்பதற்கு இதுவே சாட்சி.

எம்மவர் கல்முனைப் பக்கத்திலிருந்து சேர்ந்துகொள்கிறார்கள். காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயில் வரை ஏறக்குறைய 100 கிலோ மீற்றர். ஒரு நாளைக்கு 20 கிலோ மீற்றர் நடந்தால் ஐந்து நாட்கள். உகந்தைக்கு அப்பால் குமணக் காடு. கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யாலக் காடு. வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கி நடந்தால் மேலும் ஐந்து, ஆறு நாட்கள். மொத்தம் பத்துப் பதினொரு நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே திட்டமிடலுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காட்டுப் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. கதிர்காமத்தின் எசல விழாவையொட்டி ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு மட்டுமே திறக்கப்படும். விழா பிறைக் கணக்கில் வருவதால் ஓர் ஆண்டு ஜூனிலும் இன்னோர் ஆண்டு ஜூலையிலும் விழும். திறக்கும் நாளை அதிகாரிகள் கூடித் தீர்மானித்து அறிவிப்பார்கள். ஆகவே சரியான திகதி தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. “எசலப் பௌர்ணமிக்கு முந்திய மூன்று வாரங்கள்” என்று இப்போதே கலண்டரில் கோடு போட்டு வைக்கலாம். பௌர்ணமித் திகதிகள் எல்லாக் கலண்டரிலும் உண்டு.

வயலின் கலண்டர், விழாவின் கலண்டர்

பயிற்சி குழம்பிய அடுத்த ஆண்டு நாம் வேறு விதமாகத் தொடங்கினோம். பேச்சை நிறுத்தினோம். நிலத்தில் பெரிய கடதாசியை விரித்து, பன்னிரண்டு கட்டங்கள் கீறி, மக்களிடமே நிறப் பென்சில்களைக் கொடுத்தோம். வயல் வேலைக்குப் பச்சை, விழாக்களுக்குச் சிவப்பு, பள்ளிக்கூட விடுமுறைக்கு நீலம், நகை அடகு வைக்கும் மாதங்களுக்குக் கறுப்பு.

ஒரு மணி நேரத்தில் படம் தெளிந்தது. ஐப்பசியில் பெரும்போக விதைப்பு, மாசி பங்குனியில் அறுவடை, சித்திரையில் சிறுபோக விதைப்பு, ஆடி ஆவணியில் அறுவடை. வைகாசியில் காரைதீவுக் கண்ணகி அம்மன் குளிர்த்தி. ஆவணிக் கடைசியில் ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருவிழா. அதற்கு மட்டக்களப்பிலிருந்து நடந்து போவோர் பலர். புரட்டாதியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு. முஸ்லிம் குடும்பங்களின் நாட்கள் ஒரே மாதத்தில் நிற்பதில்லை. நோன்பு மாதமும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகரும். அண்மைய ஆண்டுகளில் நோன்பு பெரும்போக அறுவடையோடு சேர்ந்து வந்தது. பசித்த வயிற்றோடு அறுவடை வெயிலில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை வேலைக்கு ஆள் பிடிப்போர் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் பென்சில் இரண்டு இடங்களில் அழுத்தமாக விழுந்திருந்தது. ஒன்று விதைப்புக்கு முன். மற்றது விழாவுக்கு முன். விதைப்புக் கடன் அறுவடையில் திரும்பலாம். விழாக் கடன் எதில் திரும்பும்? ஓராண்டுக்கு முன்பே தெரிந்த விழாவுக்குக் கடைசிக் கிழமையில் வட்டிக்குப் பணம் தேடுகிறோம். இதைப் படத்தில் கண்டபோது எல்லோரும் மௌனமானார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. யாத்திரை நாட்களில் சிறுபோகப் பயிர் குடலை கொண்டு கதிர் வெளிவரும் பருவத்தில் நிற்கிறது. அப்போது ஒரு தண்ணீர் முறை தவறினாலும் பதராகும். ஏப்ரல் 10 இல் விதைத்த மூன்றரை மாத நெல் ஜூலைக் கடைசிக் கிழமையில் முற்றும். கதிர் பூத்து முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாட்கள் என்பதால், ஜூன் கடைசியில் அது பூத்து நிற்கும். அதே நாளில் மூன்று மாத நெல்லை விதைத்தால் ஜூலை 10 அளவில் அறுவடைக்கு வரும். ஆகவே யாத்திரை நாள் முதலில் தெரிந்தால், எந்த நெல்லை விதைப்பது, யாரிடம் தண்ணீர் முறையை ஒப்படைப்பது என்பதைச் சித்திரையிலேயே தீர்மானிக்கலாம். ஆரம்பக் கூட்டத்தில் வட்டை விதானையிடம் இதைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில் அடுத்தடுத்து வயல் செய்யும் இருவர், ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம், தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாத்திரை நாட்களில் இவர் வயலுக்கு அவர் தண்ணீர் பார்ப்பார். நோன்பு நாட்களில் அவர் வயலின் இரவுக் காவலை இவர் பார்ப்பார். எல்லா வட்டைகளிலும் இது நடக்கிறது என்று எழுத எமக்கு மனம் வரவில்லை. 1990 இல் உடைந்தவை எல்லாம் ஒட்டிவிடவில்லை. ஆனால் கலண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திராவிட்டால் இந்த ஓர் ஏற்பாடும் உருவாகியிராது.

பணமும் காலும்

கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பத்து நாள் நடை என்பது பத்து நாட் கூலி இழப்பு. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. புரட்டாதியிலிருந்து ஆனி வரை பத்து மாதங்கள். மாதத்துக்கு ஒரு நாட் கூலியைத் தனியே போட்டு வந்தால், புறப்படும் நாளில் பத்து நாட் கூலி வீட்டில் இருக்கும். சொந்தமாகவோ குத்தகைக்கோ வயல் செய்வோர் பெரும்போக அறுவடையில் ஒரு மூடை நெல்லை “நடை மூடை” என்று ஒதுக்கி வைக்கலாம். விலை ஏறும் நேரம் பார்த்து விற்றால் செலவுக்கு ஆகும். சீட்டுப் போடுவோர் வைகாசியில் தமது முறை வருமாறு முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். 2021 இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்டதையும், 2024 நவம்பர் வெள்ளம் வயல்களை மூடியதையும் எவரும் மறக்கவில்லை. நாம் போடும் திட்டம் உடையக்கூடும். உடைந்தால் பத்து நாள் நடை ஐந்து நாளாகட்டும். கடன்பட்டு மட்டும் நடக்க வேண்டாம்.

பணத்தைச் சேர்ப்பது போலவே நடையையும் சேர்க்க வேண்டும். பட்டணங்களில் சிலர் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று புத்தாண்டில் சபதம் எடுக்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் 1965 ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வயலில் நிற்பவருக்கு இது பெரிய காரியமல்ல. ஆனால் இடம்பெயர்ந்து வயலை இழந்து, தையல் இயந்திரத்துக்கும் கடை வாசலுக்கும் வந்துவிட்டவர்களின் கால்கள் பழக்கம் விட்டுப் போயின. அவர்கள் சித்திரையிலிருந்தே தொடங்கட்டும். முதல் மாதம் காலையில் அரை மணி நேரம். இரண்டாம் மாதம் கிழமையில் ஒரு நாள் காரைதீவு வரை போய்த் திரும்பி வருதல். கடைசி மாதத்தில், யாத்திரையில் கொண்டுபோகும் அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடத்தல்.

ஆனி ஆடியில் கச்சான் காற்று நெருப்பாக வீசும். விடியுமுன் தொடங்கி ஒன்பது மணிக்குள் பாதித் தூரத்தை முடித்து, வெயில் தாழ்ந்த பின் மீதியை நடப்பதே பழைய சாமிமார் கைக்கொண்ட முறை. நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டாமல் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். காலில் முள் ஏறினாலும் அவர்களுக்கு உறைக்காது. மாத்திரைகளை நடக்கும் நாட்களுக்கு மேலதிகமாக ஐந்து நாட்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் பைகளைக் காட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். அது யானைக்கும் மானுக்கும் உரிய வீடு.

ஓய்வு சம்பளக்காரருக்கு மட்டுமா?

“லீவு என்பது கந்தோர்க்காரருக்குச் சுவாமி” என்று எம்மிடம் சொன்னவர்கள் பலர். 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை ஓய்வும் இளைப்பாறலும் ஒவ்வொருவருக்கும் உரிய உரிமை என்கிறது. உழைப்போருக்கு ஓய்வு நாள் வேண்டும் என்று திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் 1891 ஆம் ஆண்டிலேயே தமது சுற்றுமடலில் எழுதினார். ஆனால் விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஒரு முதலாளி இல்லை. தமக்குத் தாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நிறப் படத்துக்கு மீண்டும் வருவோம். எல்லாம் நிரம்பிய பிறகு ஒரு பெண் எழுந்தார். “இதில எனக்கு வெறும் கட்டம் ஒண்டும் இல்லையே” என்றார். உண்மை. விழா நாட்களில் ஆண்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவர் சமைக்கிறார். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு மூட்டாத நாள் என்று மஞ்சள் நிறம் தீட்டினார்கள். கடற்கரைக்குப் போகலாம். தாய் வீட்டுக்குப் போகலாம். ஒன்றும் செய்யாமல் பாயில் படுத்திருக்கலாம். செலவு ஒரு பார்சல் சோறு. எல்லா வீட்டிலும் அது கடைப்பிடிக்கப்படவில்லை என்பது எமக்குத் தெரியும். கடைப்பிடித்த வீடுகளில் அந்த நாளைப் பிள்ளைகளே நினைவூட்டுகிறார்கள்.

பழைய காணிக்கு ஒரு நடை

வரும் ஆண்டுக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு நடையை நாம் சிபாரிசு செய்கிறோம். கோயிலோ பள்ளியோ எதுவானாலும், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய காணிக்கு, பழைய வளவுக்கு, போகக்கூடிய நிலை இருந்தால் பள்ளி விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துப் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

1990 இல் இடுப்பில் இருந்த குழந்தைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லை எது, வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்த மரத்தடியில் சூடடித்தார்கள் என்பது முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். நடந்து காட்டுங்கள். பிள்ளை ஒரு கொப்பியில் கீறிக்கொள்ளட்டும். நிழற்படம் எடுங்கள். அயலவர்களின் பெயரை எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் உறுதியோ அனுமதிப் பத்திரமோ வரி பற்றுச்சீட்டோ எது இருந்தாலும் பிரதி எடுத்து, வெள்ளம் எட்டாத இடத்தில் வையுங்கள். இன்று அங்கே வேறொருவர் பயிர் செய்தால் சண்டைக்குப் போக வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ஒரு நடையால் காணி திரும்பிவிடாது. ஆனால் காணியைக் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை உருவாகும்.

முன்னர் சொன்ன அந்த மூத்த தாய் கதிர்காமம் வரை நடக்கவில்லை. முழங்கால் இடம் கொடுக்கவில்லை. திருக்கோவிலிலிருந்து தம்பிலுவில் வரை இருக்கும் சிறு தூரத்தைப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புறப்படுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து, தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தார். திரும்பி வந்து எம்மிடம், “சுவாமி, இந்த முறை வீட்டைப் பூட்டிப்போட்டுப் போய், வந்து திறந்தன்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்பானவர்களே, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த கிழமையே ஒரு கலண்டரை எடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், சிறு பிள்ளை உட்பட, சுற்றி இருங்கள். நடக்கும் நாட்களுக்கு ஒரு கோடு, ஓயும் நாட்களுக்கு ஒரு கோடு, காணிக்குப் போகும் நாளுக்கு ஒரு வட்டம். பிறகு அதன் பிரதி ஒன்றை எம்மிடம் கொண்டு வாருங்கள். நாம் அடுத்த ஆண்டுக் கூட்டங்களை அந்தக் கோடுகளுக்கு வெளியே வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் போக்கையும் வரவையும் இறைவன் காப்பாராக.